1248 சிசி: ஒரு சிறிய டீசல் எஞ்சினும் இந்தியக் கொள்கை வரலாறும்

2007 ஜனவரியில் மாருதி சுசூகி நிறுவனம் ஸ்விஃப்ட் காரின் டீசல் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் ஜப்பானிய வடிவமைப்பு. ஆனால் பானெட்டின் அடியில் இருந்த எஞ்சின் இத்தாலியில் பிறந்தது. நான்கு சிலிண்டர்களும் 1248 சிசி கொள்ளளவும் கொண்ட அந்த ஃபியட் மல்ட்டிஜெட் எஞ்சின் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் மாருதி, டாடா, ஃபியட், செவ்ரோலே, பிரீமியர் ஆகிய ஐந்து பெயர்களில் விற்கப்பட்ட கார்களில் இடம்பெற்றது. வாகன இதழ்கள் அதை, பாதி வேடிக்கையாகவும் பாதி வியப்பாகவும், இந்தியாவின் ‘தேசிய எஞ்சின்’ என்று அழைத்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தியச் சந்தையில் அதன் காலம் முடிந்தது.

இந்த எஞ்சின் பழுதுக்குப் பேர்போனதாக இருந்து கைவிடப்பட்டதன்று. வாங்குவோரிடம் அதற்கு நற்பெயர் கடைசிவரை இருந்தது. அப்படியானால் அதன் எழுச்சிக்கும் முடிவுக்கும் காரணம் எஞ்சினுக்கு வெளியிலும் தேடப்பட வேண்டும். வரித் திட்டம், எரிபொருள் விலை, மாசு விதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் இதன் வரலாறு விளங்காது.

முதலில் தொழில்நுட்பப் பின்னணி. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. சிலிண்டர் சிறிதாகச் சிறிதாக, அதன் கொள்ளளவுடன் ஒப்பிடுகையில் சுவர்ப்பரப்பு மிகுகிறது. அதனால் வெப்ப இழப்பும் கூடுகிறது. பீய்ச்சப்படும் எரிபொருள் காற்றுடன் கலப்பதற்கு முன்பே சுவரில் படிந்துவிடும் இடரும் உண்டு. இதனால் நெடுங்காலம் சிறிய கார்களின் டீசல் எஞ்சின்களில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் செலுத்தப்படாமல், பக்கத்திலுள்ள ஒரு சிற்றறையில் எரியத் தொடங்கி அங்கிருந்து பரவும்படி அமைக்கப்பட்டது. ஒலி ஓரளவு தணிந்தது. ஆனால் எரிபொருள் வீணாயிற்று. 1980களின் பிற்பகுதியில் ஃபியட் தன் குரோமா காரில் நேரடிப் பீய்ச்சலைக் கொண்டுவந்தது. சிக்கனம் கிடைத்தது, கூடவே முரட்டு ஒலியும் வந்தது.

அந்த ஒலியின் காரணம், எரிபொருள் ஒரே மூச்சில் உள்ளே சென்று ஒரே நொடிப்பில் தீப்பற்றுவதே. இதற்குத் தீர்வாக ஃபியட்டின் ஆராய்ச்சி மையமும் அதன் குழுமத்தைச் சேர்ந்த மாக்னெட்டி மாரெல்லியும் ‘காமன் ரெயில்’ முறையைக் கார்களுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தன. இம்முறையில் எரிபொருள் முன்கூட்டியே மிகுந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கிவைக்கப்படுகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்ஜெக்டர்கள் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் அதைச் சிலிண்டருக்குள் விடுகின்றன. முதலில் ஒரு சிறு துளி, பிறகு முதன்மைப் பீய்ச்சல் என்று பிரித்துக் கொடுத்தால் எரிதல் படிப்படியாக நிகழும், ஒலியும் அடங்கும். ஆனால் இதைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் நிலையில் ஃபியட் அப்போது இல்லை. 1990களின் முற்பாதியில் உரிமை ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்திடம் சென்றது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காமன் ரெயில் டீசலுடன் வெளிவந்து இத்தாலியர்களுக்கு முதல்வர் என்ற பெருமையைத் தந்தது. உலகெங்கும் அந்தக் கருவியை விற்றுப் பொருளீட்டும் வாய்ப்போ பாஷ் வசமாயிற்று.

2003இல் வந்த 1.3 லிட்டர் மல்ட்டிஜெட், இதே வழியின் இரண்டாம் கட்டம். ஒரு சுழற்சிக்கு இரண்டு என்றிருந்த பீய்ச்சல்கள் ஐந்து வரை உயர்ந்தன. சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 82 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி மட்டுமே. அந்தச் சிறிய இடத்துக்குள் நான்கு வால்வுகளும் இன்ஜெக்டரும் பொருத்தப்பட்டன. கேம் தண்டுகளைப் பட்டைக்குப் பதிலாகச் சங்கிலி இயக்கியது. எடை ஏறத்தாழ 130 கிலோ. தொடக்கத் திறன் 70 குதிரைத்திறன். 2005ஆம் ஆண்டின் சர்வதேச எஞ்சின் விருதுகளில், ஒன்று முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் அது முதலிடம் பெற்றது.

இந்த எஞ்சின் ஃபியட்டின் தனிச்சொத்தாக வளரவில்லை என்பது முக்கியம். 2000இல் ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து எஞ்சின் தயாரிப்பை ஒன்றிணைத்தன. முன்பு ஃபியட் 126 சிறுகார் உருவான போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகரில் புதிய எஞ்சினின் உற்பத்தி தொடங்கியது. 2005இல் அக்கூட்டு முறிந்தது. விலகிக்கொள்வதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 155 கோடி யூரோ கொடுத்தது. ஆனால் எஞ்சின் அதற்குள் ஓப்பல் கார்களில் ஊன்றிவிட்டது. பின்னர் ஃபோர்டின் கா காரிலும் ஏறியது. சொந்தமாகச் சிறிய டீசல் எஞ்சின் இல்லாத சுசூகியும் உரிமம் பெற்றது. ஒரே எஞ்சினைப் பலர் பங்கிட்டுக்கொண்டதால் ஒவ்வொரு எஞ்சினின் செலவும் குறைந்தது. இந்தியாவில் அது மலிவாகக் கிடைத்ததற்கு இந்தப் பங்கீடே அடிப்படை.

இந்தியாவில் அதற்கான களம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. உழவர்களின் பம்புசெட், டிராக்டர், சரக்கு லாரி, பேருந்து ஆகியவற்றைக் கருதி டீசல் விலையை அரசு நெடுங்காலம் தாழ்த்தியே வைத்திருந்தது. இந்த விலை வேறுபாட்டைச் சிறிய காரில் முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திக்கொண்டது 1998இல் அறிமுகமான டாடா இண்டிகா. மாருதி தன் ஜென், எஸ்டீம் கார்களில் பிரான்ஸின் பெஷோ டீசல் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தது. அது பெரிதாகப் பரவவில்லை. சிக்கனத்துடன் அமைதியும் வேகமும் கொண்ட ஒரு டீசலுக்கான இடம் வெறுமையாகவே இருந்தது.

அந்த இடத்தை வரித்துறையின் ஒரு வரையறை மேலும் அகலமாக்கியது. 2006 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1200 சிசிக்கு மிகாத எஞ்சினும், டீசல் எனில் 1500 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்டதே சிறிய கார் என்று அரசு வரையறுத்தது. ஐரோப்பாவின் தேவைக்காக வடிவமைக்கப்பட்ட 1248 சிசி டீசல் அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கியது. அதே அளவுடைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருந்திருந்தால் சலுகையை இழந்திருக்கும். இந்த வரையறை காரின் உடலமைப்பையே மாற்றியது. 2008இல் வந்த முதல் டிசையர் நான்கு மீட்டரைத் தாண்டியது. 2012இல் வந்த இரண்டாவது டிசையரின் நீளம் 3995 மில்லிமீட்டர். டிக்கி குறுகியது, வரி குறைந்தது.

இந்திய உற்பத்தி இரண்டு இடங்களில் வேரூன்றியது. ஹரியானாவின் மானேசரில் சுசூகி பவர்டிரெயின் இந்தியா ஆலை மாருதிக்காக எஞ்சின்களைத் தயாரித்தது. மராட்டியத்தின் ரஞ்சன்காவில் ஃபியட்-டாடா கூட்டு ஆலை மற்றவர்களுக்காகத் தயாரித்தது. மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட், ஃபியட்டில் மல்ட்டிஜெட் என்று ஒரே எஞ்சினுக்குப் பல பெயர்கள் வழங்கின. ஸ்விஃப்ட் டீசலுக்கு வாங்குவோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். எஞ்சினை உருவாக்கிய ஃபியட்டின் சொந்தக் கார்களான லீனியாவும் புண்டோவும் காட்சிக்கூடங்களிலேயே தேங்கின. விற்பனை நிலையங்கள், சேவை மையங்கள், உதிரிபாகம் எளிதில் கிடைத்தல் ஆகியவை எஞ்சினின் தரத்தைவிட எடை மிகுந்தவை என்பதற்கு இது சான்று.

எஞ்சின் ஆலையின் மைய இடம் 2011 அக்டோபரில் வேறொரு வகையில் வெளிப்பட்டது. மானேசரில் மாருதித் தொழிலாளர்களின் போராட்டத்துக்கு ஆதரவாகப் பவர்டிரெயின் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். எஞ்சின் வரத்து நின்றதும் குர்காவ் கார் ஆலையும் தடுமாறியது. தொழிலாளர் வரலாற்றைப் படிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது: ஒரே உறுப்பைப் பல கார்களுக்குப் பொதுவாக்கிய சிக்கனம், அந்த உறுப்பைச் செய்வோரின் கையில் ஒரு வலிமையையும் வைத்தது.

அதற்குள் விலை வேறுபாடு உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. டீசல் விலை விடுபடவில்லை. 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய் அளவில் இருந்தது. 2012-13இல் விற்ற பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை டீசல் வாகனங்களே. உழவரையும் பேருந்துப் பயணியையும் கருதி ஒதுக்கிய பொதுப்பணத்தின் ஒரு பகுதி இவ்வாறு தனியார் கார்களின் தொட்டிகளை நிரப்பியது. இதை முன்கூட்டியே உணர்ந்த கிரீட் பாரிக் குழு, டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி விதிக்கலாம் என்று 2010லேயே பரிந்துரைத்திருந்தது. அது ஏற்கப்படவில்லை.

இன்னொரு கணக்கு காற்றில் எழுதப்பட்டது. 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிஎஸ்-4 விதிகளின்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடலாம்; பெட்ரோல் காருக்கு எல்லை 0.08 கிராம். ஏறத்தாழ மூன்று மடங்கு மாசுக்குச் சட்டமே இடம் கொடுத்தது. சிக்கனமான கார் என்ற சொல்லில் வாங்குபவரின் செலவு மட்டுமே அடங்கியிருந்தது. சாலையோரத்தில் மூச்சுவிடுவோரின் செலவு அதில் சேரவில்லை.

பிறகு தாங்கிநின்ற தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குத் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை வலியுறுத்தியது. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகனின் மாசுச் சோதனை மோசடி வெளியாகி, டீசல் தூய்மையானது என்ற விளம்பரத்தை உலகெங்கும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. 2016 ஜனவரியில், பிஎஸ்-5 படியைத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குச் செல்ல இந்திய அரசு முடிவெடுத்தது. அந்த ஆண்டிலேயே மாருதி தன் விட்டாரா பிரெஸ்ஸாவை டீசல் எஞ்சினுடன் மட்டும் வெளியிட்டு நன்கு விற்றது. சந்தையின் பழக்கமும் சட்டத்தின் திசையும் அப்போது எதிரெதிராக நடந்தன.

பிஎஸ்-6 டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு எல்லையை 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகவும், துகள் மாசு எல்லையை 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகவும் இறக்கியது. இதற்குத் துகள் வடிகட்டியும் புகையைத் தூய்மைப்படுத்தும் கூடுதல் அமைப்புகளும் வேண்டும். அவற்றின் விலை காரின் அளவுக்கேற்பச் சுருங்குவதில்லை. பெரிய வாகனத்தின் விலையில் கரைந்துவிடும் அந்தத் தொகை, சிறிய காரின் விலையில் பெரும் சுமையாகும். பெரிய டீசல் வாகனங்கள் தாக்குப்பிடித்தபோது சிறியவை முதலில் மறைந்ததன் காரணம் இதுவே. 2019 ஏப்ரலில் மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா, அடுத்த ஏப்ரல் முதல் டீசல் கார்களை விற்பதில்லை என்று அறிவித்தார். மாருதி தானே உருவாக்கி அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்த 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் அம்முடிவுக்குத் தப்பவில்லை.

தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பின் தேதியிலிருந்து அன்றி, பயன்பாட்டின் பரப்பிலிருந்து எழுத வேண்டும் என்று வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜெர்டன் வலியுறுத்துகிறார். மல்ட்டிஜெட் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இத்தாலியின் ஆய்வகத்தில் தொடங்கி 2003இல் கதையை முடித்தால் அது ஒரு பொறியியல் வெற்றியாக மட்டுமே தெரியும். இந்தியச் சாலையில் அதைத் தொடர்ந்தால், வெற்றியின் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி எழும். டீசல் மானியத்தை ஏற்றது கருவூலம்; புகையை ஏற்றது நகரத்தின் நுரையீரல்; விதிகள் இறுகியபோது இழப்பை ஏற்றவர்களில், பழைய டீசல் காரைக் கடன்பட்டு வாங்கி வாடகைக்கு ஓட்டியவர்களும் உண்டு. மின்சார வாகனங்களுக்கான சலுகைகளும் வரையறைகளும் இன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த அளவுகோலுக்குள் எது அடங்குகிறது, எந்தச் செலவு கணக்கில் சேராமல் விடப்படுகிறது என்பதை இப்போதே குறித்துவைப்பது அத்துறை ஆய்வாளர்களின் பணியாகும்.