கடலில் இறந்த தாத்தாவைத் தேடுவது எப்படி?

அலோர்காஜா, ஜாசின் தோட்டப்புறங்களில் ‘ரஜூலா’ கப்பலை அறியாத பெரியவர்கள் குறைவு. அதைப் போலவே 1926இல் கட்டப்பட்ட ‘ரோனா’வும் சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் ஓடியது. போர்க்காலத்தில் படைக்கப்பலான ரோனா, 1943 நவம்பர் 26இல் அல்ஜீரியக் கடலோரம் ஜெர்மானியத் தாக்குதலில் மூழ்கியது. அமெரிக்க வீரர்கள் 1,000 பேருக்கு மேல் மாண்டனர். இந்திய மாலுமிகள் பலரும் உயிரிழந்தனர். போர்க்காலத்தில் அதன் விவரங்கள் மறைக்கப்பட்டன.

இப்படி இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. உள்ளூர்ப் பதிவுகளில் தேடுவதும் பலன் தராது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பை, சிட்டகாங் நினைவிடங்களின் கீழ் உள்ளன. மற்ற கப்பல் மரணங்களுக்கு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘பிடி 334’ பதிவேடுகள் (1891–1972) உதவும்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கப்பலின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும்; எல்லா விதத்திலும் தேடுங்கள்.

இறந்த நாள் தெரியாமல் ஆடி அமாவாசையில் மட்டும் படையல் போடும் குடும்பம், அந்த நாள் கிடைத்தால் உரிய திதியிலேயே கொடுக்கலாம்.