சுங்கச்சாவடி விவாதம், தென்சென்னைப் புறநகர்

தாம்பரம், வண்டலூர், மறைமலைநகர், பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) பகுதிகளில் வாகனம் வைத்திருப்போர் செலுத்தும் சுங்கக் கட்டணம், பெட்ரோல் வரி, வாகன வரி ஆகியவை குறித்துத் தமிழக அரசியலில் நடந்துவரும் வாதம். செங்கல்பட்டுக்கு வடக்கே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் உள்ள பரனூர் சுங்கச்சாவடி இதன் மையப்புள்ளி.

முன்வரலாறு

முதலாம் குலோத்துங்கன் (1070–1120) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டான். அவன் நீக்கியது வணிகச் சரக்கின் மீதான தீர்வை. சாலையில் செல்லும் வண்டிக்கே கட்டணம் என்ற முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது ஆங்கில ஆட்சி. அரசுச் செலவில் போட்ட அல்லது செப்பனிட்ட சாலைகளிலும் பாலங்களிலும் கட்டணம் தண்ட 1851-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பின்னர் சென்னை மாகாணத்தின் ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும் தத்தம் எல்லையில் ‘டோல்கேட்’ வைத்து, வசூலைக் குத்தகைக்கு விட்டன. மாட்டுவண்டிக்காரர் ஒவ்வோர் எல்லையிலும் நின்று பணம் கட்ட வேண்டியிருந்தது. வடசென்னையில் திருவொற்றியூர் சாலையின் டோல்கேட்டும், திருச்சிக்கு வடக்கே நம்பர் 1 டோல்கேட்டும் அக்காலத்தின் எச்சமாக ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

மோட்டார் வண்டிகள் பெருகியதும் இந்த ஏற்பாடு தாங்கவில்லை. சாலைகளின் நிதியை ஆராய 1927-இல் ஜெயகர் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1929 முதல் பெட்ரோல் கேலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்துச் சாலை நிதி தொடங்கப்பட்டது. 1931-இல் வந்தது சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம். உள்ளாட்சிகளின் டோல்கேட்டுகள் ஒழிந்தன. அவை இழந்த வருவாய்க்கு மாகாண அரசு வாகன வரியிலிருந்து ஈடு கொடுத்தது. ஆக, தமிழ்நாட்டில் வாகன வரி டோல்கேட்டுக்கு மாற்றாகப் பிறந்தது. இன்றைய வாதத்தில் இரு தரப்பும் அதிகம் பேசாத, ஆனால் பேசியே ஆகவேண்டிய செய்தி இது. இப்போது நடப்பிலுள்ள 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வரியை வைத்துக்கொண்டது. டோல்கேட்டுக்கு மாற்று என்ற வாக்குறுதியை வைத்துக்கொள்ளவில்லை.

டோல்கேட் மீண்டது

2002-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டண வசூல் தொடங்கியது. பிறகு தாம்பரம்–திண்டிவனம் நான்குவழிச் சாலையில் பரனூரும் ஆத்தூரும், சென்னை புறவழிச்சாலையில் வானகரமும் சூரப்பட்டும், ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் மாறிய ஓ.எம்.ஆரில் பெருங்குடி முதல் நாவலூர் வரை ஐந்து சாவடிகளும் வந்தன. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு வரதராஜபுரத்தில் சாவடி உண்டு.

நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள் சாவடி அமைக்கக் கூடாது, ஒரே சாலையில் இரு சாவடிகளுக்கு இடையே 60 கி.மீ. வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் பொதுநெறி. பரனூர் செங்கல்பட்டு நகராட்சிக்கு மிக அருகில் உள்ளது. சூரப்பட்டு சென்னை மாநகராட்சிக்குள்ளேயே உள்ளது. விதிகளுக்கு முன்பே வந்த சாவடி, விதிவிலக்கு உண்டு என்ற விளக்கங்கள் நாள்தோறும் பணம் கட்டுவோருக்குப் பதிலாகா. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் தாம்பரத்துக்காரர் தம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குக் காரில் போகவும் ஜி.எஸ்.டி. சாலையில் சுங்கம் செலுத்துகிறார். இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை.

2020 ஜனவரி 26 அதிகாலையில் அரசுப் பேருந்து ஓட்டுநருக்கும் ஊழியர்களுக்கும் மூண்ட தகராறில் பரனூர் சாவடி அடித்து நொறுக்கப்பட்டது. வன்முறை தவறுதான், அன்று வெடித்த கோபம் ஒருநாளில் சேர்ந்ததன்று. 1954-இல் கட்டிய பாலத்துக்கும் பரனூரில் கட்டணம் பெற்றதை 2023-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டியது. அங்கே கடந்த வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை விலக்கு பெற்றவையாகப் பதிவானதையும் அது கேள்விக்குள்ளாக்கியது.

கட்சிகளின் நிலை

ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச்சில் மக்களவையில், 60 கி.மீ.க்குள் உள்ள கூடுதல் சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். பரனூர், வானகரம், சூரப்பட்டு உள்ளிட்டவற்றை அகற்றக் கோரி மாநில அமைச்சர் எ.வ. வேலு தில்லிக்கு வலியுறுத்தினார். மாநிலத்தின் கையில் இருந்த ஓ.எம்.ஆரில், மெட்ரோ பணியைக் காரணம் காட்டி நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்டு 30 முதல் வசூல் நின்றது. நாவலூரில் 2023 அக்டோபரில் நின்றது.

பெட்ரோலில் லிட்டருக்கு 5 ரூபாய் குறைப்பதாகத் தி.மு.க. 2021 தேர்தலில் வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்தபின் ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. டீசலுக்குச் சொன்ன 4 ரூபாய் குறைப்பு அப்போது நடக்கவில்லை. பெட்ரோல் குறைப்பால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு கணக்குக் காட்டியது. அந்த நவம்பரில் ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. 2023 நவம்பரில் மாநில அரசு புதிய வாகனங்களின் ஆயுட்கால வரியை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 20 விழுக்காடு.

தற்போதைய நிலை

2025 ஆகஸ்டு 15-இல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 பயணங்களுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு அட்டை, தேசிய நெடுஞ்சாலைகளில் நடைமுறைக்கு வந்தது.