பாராசூட்டில் தைத்த கல்யாண கவுன்

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருக்கும் நாள். பிரிட்டனின் வணிகத்துறை அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் வானொலியில் வந்து, இன்று முதல் துணிமணிக்கும் ரேஷன் என்று அறிவித்தார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பணம் உள்ளவர்கள் சனிக்கிழமையே கடைகளைக் காலி செய்திருப்பார்களே! விஷயம் கசிந்துவிடக் கூடாது என்று துணிக்குத் தனியாகக் கூப்பன்கூட முதலில் கொடுக்கவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் மிச்சமிருந்த மார்கரின் கூப்பன்களையே துணிக்கும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

ரேஷன் என்றதும் நமக்கு அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் கியூ ஞாபகம் வரும். இது வேறு மாதிரி. விலை எதுவும் குறையாது. காசையும் கொடுக்க வேண்டும், கூப்பனையும் வெட்டிக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நாட்டில் இரண்டாவதாக ஒரு நாணயம் வந்த மாதிரி. முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கவுனுக்கு 11, ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடிக்கு 2, பெண்கள் ஷூவுக்கு 5. "நானே தைத்துக்கொள்கிறேன்" என்று துணியாக வாங்கினாலும் தப்பிக்க முடியாது, கெஜத்துக்கு இத்தனை என்று கூப்பன் போய்விடும். போகப்போக இதுவும் சுருங்கியது. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரை, எட்டு மாதத்துக்கு வெறும் 24. அதாவது மாதம் மூன்று.

போர் முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய சமயம் அது. கல்யாணங்கள் வரிசை கட்டி நின்றன. ஒரே ஒரு நாள் உடுத்தி மடித்து வைக்கப்போகிற வெள்ளை கவுனுக்குக் கூப்பனைக் கொட்டிவிட்டால், குளிருக்கு கோட்டு வாங்க என்ன செய்வது?

எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை, எனவே நியாயமான திட்டம் என்று இதைப் பாராட்டுவது வழக்கம். பாதிதான் உண்மை. 11 கூப்பனுக்குப் பணக்காரி வாங்கும் கவுன் பத்து வருடம் உழைக்கும். அதே 11 கூப்பனுக்கு ஏழைப் பெண் வாங்கும் மலிவான கவுன் இரண்டு சலவைக்குள் சாயம் போய்விடும். தவிர, பெரிய வீடுகளில் போருக்கு முன்பு வாங்கிய உடைகள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றுக்கு யாரும் கூப்பன் கேட்கவில்லை. 1943-இல் அரசு 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு கையேடு போட்டது. இருப்பதை ஒட்டுப்போட்டு, பிரித்துத் தைத்துச் சமாளிப்பது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம். தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் இதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். அம்மாவின் பாவாடையை வெட்டி மகளுக்குத் தைப்பதை அவர்களுக்கு அமைச்சகமா சொல்லித்தர வேண்டும்?

அப்படியானால் மணப்பெண்கள் என்ன செய்தார்கள்? பலர் இரவல் வாங்கினார்கள். பலர் பிறகும் போட்டுக்கொள்ளலாம் என்று சாதாரண கோட்டும் பாவாடையுமாகச் சர்ச்சுக்குப் போனார்கள். சிலர் ஜன்னல் திரையில் கை வைத்தார்கள். இன்னும் சிலருக்குக் கிடைத்தது பாராசூட்!

பட்டுக்குப் பெயர் போன ஜப்பான் எதிரி நாடாகிவிட்டதால் பட்டு வரத்து நின்றுபோனது. அதற்கு மாற்றாக வந்தது நைலான். அமெரிக்காவில் 1940-இல் நைலான் ஸ்டாக்கிங்ஸ் கடைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. 1942-க்குள் அந்த நைலானையும் ராணுவம் எடுத்துக்கொண்டது, பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும். ஆக, பெண்களின் உடையிலிருந்து போன துணிதான் வானத்தில் விரிந்தது. பாராசூட் அரசாங்கச் சொத்து, போர்க்காலத்தில் அதை எடுத்து வைத்துக்கொள்வது குற்றம். போர் முடிந்ததும் நிலைமை மாறியது. மிஞ்சிய பாராசூட் துணி கூப்பன் இல்லாமலே விற்பனைக்கு வந்தது.

வாங்குவது சுலபம், தைப்பதுதான் பாடு. பாராசூட் துணி புடவை மாதிரி நீளமாக இருக்காது. மேலே குறுகி கீழே அகலும் முக்கோணத் துண்டுகள் பலவற்றை இணைத்த குடை அது. ஆள் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் தையல் ஒவ்வொன்றும் உரமாகப் போட்டிருக்கும். அதைத் துணி கிழியாமல் பிரிக்கவே நாள் கணக்கில் ஆகும். துணியோ வழுக்கும், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். நைலானாக இருந்தால் இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடானாலும் போச்சு, உருகிவிடும். ஆனால் ஒரு லாபம் உண்டு. அந்த முக்கோணத் துண்டுகளை அப்படியே சேர்த்தால் இடுப்பில் குறுகி காலடியில் விரியும் பாவாடை தானாக வந்துவிடும்.

1947 நவம்பர் 20-இல் இளவரசி எலிசபெத்தின் கல்யாணம். அவருக்கும் கூப்பன்தான், 200 கூடுதலாகக் கொடுத்தார்கள். நாடெங்கும் பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்ப, ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று அவை திருப்பி அனுப்பப்பட்டன. நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த அந்த கவுனில் 10,000 முத்துகள். சுமார் 350 பெண்கள் ஏழு வாரம் உழைத்தார்கள். துணிக் கூப்பன் ஒழிந்தது 1949 மார்ச் 15-இல்தான்.

அதே 1947-இல், கூப்பன் தொல்லை இல்லாத அமெரிக்காவிலும் ஒரு பெண் பாராசூட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். கிளாட் ஹென்சிங்கர் என்ற பி-29 விமானி 1944 ஆகஸ்டில் ஜப்பானின் யவாட்டா மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் தீப்பிடித்தது. இரவில், சீனாவுக்கு மேலே, எல்லோரும் குதித்தார்கள். லேசான காயத்துடன் தரையிறங்கியவர், மீட்க ஆள் வரும்வரை பாராசூட்டையே தலையணையாகவும் போர்வையாகவும் வைத்துக்கொண்டார். அதைப் பத்திரமாக ஊருக்கும் கொண்டுவந்தார். 1947-இல் காதலி ரூத்திடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் நீட்டியது அந்த பாராசூட்டைத்தான், கவுன் தைத்துக்கொள் என்று.

ரூத்துக்கு 'கான் வித் தி விண்ட்' படத்தில் வருவது போன்ற கவுன் வேண்டும். (அந்தப் படத்தின் கதாநாயகியும் பச்சை ஜன்னல் திரையைக் கிழித்து கவுன் தைத்துக்கொள்வாள் என்பது தற்செயல்!) மேல்பகுதியையும் தலையில் போடும் வலையையும் உள்ளூர்த் தையல்காரப் பெண்மணியிடம் கொடுத்தார். பாவாடையை மட்டும் தானே தைத்தார். பாராசூட்டின் கயிறுகளை அறுத்தெறியாமல் அவற்றையே இழுத்துச் சுருக்கினார். முன்பக்கம் மேலே ஏறியது, பின்பக்கம் நீண்டு தரையில் புரண்டது.

1947 ஜூலை 19 அன்று பென்சில்வேனியாவின் நெஃப்ஸ் ஊர் லூத்தரன் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. பின்னாளில் அதே கவுனை அவர்கள் மகளும் தன் கல்யாணத்துக்கு உடுத்தினார், மருமகளும் உடுத்தினார். அதன் பிறகே அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.