இரவில் கொலோசியம்

விடுமுறைக்கு ரோம் நகரம் போகிறவர்கள் பெரும்பாலும் கொலோசியத்தைப் பகலில்தான் பார்க்கிறார்கள். வெயில், நீண்ட வரிசை, கூட்டம்... சுற்றிப் பார்த்துவிட்டு நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனால் இந்த அரங்கத்தின் இரவுகளுக்கும் தனி வரலாறு உண்டு.

வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, கி.பி. 80-ல் அவர் மகன் டைட்டஸ் திறந்து வைத்த அரங்கம் இது. நீளம் 189 மீட்டர், அகலம் 156 மீட்டர். சுமார் 50,000 பேர் உட்காரலாம். இன்றைய கிரிக்கெட் மைதானங்களைப் போலவே வாசல்களுக்கு எண்கள் கூட இருந்தன!

ஆனால் உள்ளே நடந்த 'விளையாட்டு' வேறு. பெரும்பாலும் அடிமைகளும் போர்க்கைதிகளுமாக இருந்த கிளாடியேட்டர்கள் ஆயுதங்களோடு மோதினார்கள். தோற்றவனை விட்டுவிடுவதா, கொல்வதா என்று கூட்டம் கத்தும். போட்டியை நடத்துபவர் முடிவு சொல்வார். டைட்டஸுக்குப் பின் அரசரான அவர் தம்பி டொமிஷியன், பகல் போதாதென்று இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் இந்தச் சண்டைகளை நடத்தினார் என்று சூட்டோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் குறிப்பிடுகிறார்.

காலம் மாறியது. கிளாடியேட்டர் சண்டைகள் 5-ஆம் நூற்றாண்டில் மறைந்தன. நிலநடுக்கங்களில் சுவர்கள் இடிந்தன. விழுந்த கற்களை எடுத்து வேறு கட்டடங்கள் கட்டினார்கள். 1787-ல் ஜெர்மன் கவிஞர் கதே நிலவொளியில் இங்கே வந்தபோது, இடிந்த வளைவுகளுக்குள் பிச்சைக்காரர்கள் நெருப்பு மூட்டித் தங்கியிருந்தார்கள். அந்தப் புகையும் நிலவும் சேர்ந்த காட்சியின் அழகை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குப் பின் நிலவில் கொலோசியம் பார்ப்பது ஐரோப்பியப் பயணிகளிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நிலவொளியில் இடிபாடுகளின் அழகு தெரிந்தது. அங்கே செத்தவர்கள் தெரியவில்லை.

அவர்களை நினைவுபடுத்துவது போல ஒரு நல்ல காரியம் 1999 டிசம்பரில் தொடங்கியது. உலகில் எங்காவது ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தாலோ, தூக்குமேடையிலிருந்து ஓர் உயிர் தப்பினாலோ கொலோசியத்தின் இரவு விளக்குகளைப் பொன்னிறமாக மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2009-ல் மரண தண்டனையை ஒழித்தபோதும் அப்படி விளக்கேற்றினார்கள்.

யார் சாக வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கத்திய அதே இடம், இன்று ஓர் உயிர் பிழைத்தால் ஒளிர்கிறது. ரோம் போனால் பகலில் பார்த்ததோடு நிறுத்தாமல், இருட்டிய பிறகும் ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்றும் கவனியுங்கள்.