கேம் பதிவு காணொலி இயங்கவில்லையா, ஒலி கேட்கவில்லையா? அழிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

கணினியிலோ கைபேசியிலோ ஆடிய வீடியோ கேமின் திரைப்பதிவு திறக்க மறுப்பதும், படம் ஓடியும் ஒலி கேட்காமல் போவதும் விளையாட்டாளர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல்கள். இந்தியாவில் 2022 டிசம்பரில் மின்விளையாட்டுகள், பல்வகை விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்டன. இத்தகைய போட்டிகளில் ஆட்டப் பதிவு என்பது பொழுதுபோக்குக் காணொலி மட்டுமன்று. முடிவு குறித்த சர்ச்சையோ முறைகேட்டுப் புகாரோ எழும்போது அதுவே சான்றாகவும் அமைகிறது. ஒருமுறை ஆடி முடித்த ஆட்டத்தை மீண்டும் பதிவு செய்ய இயலாது.

எனினும், இயங்காத கோப்புகள் யாவும் பழுதடைந்தவை அல்ல. பதிவு முறையாக முடிக்கப்படாமல் போவது, இயக்கும் மென்பொருளால் கோப்பின் குறியாக்கத்தைப் படிக்க முடியாமல் இருப்பது, ஒலி வேறொரு தடத்தில் இருப்பது, படமும் ஒலியும் வெவ்வேறு கால அளவில் ஓடுவது ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பதிவாகவே செய்யாத ஒலியையும் படத்தையும் மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. ஆகவே, எது நேர்ந்துள்ளது என்று அறிவதே முதற்பணி.

முதலில் செய்ய வேண்டியது

மூலக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சோதனைகள் அனைத்தையும் அந்த நகலில் மட்டுமே செய்ய வேண்டும். காரணம் அறியாமல் வேறு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையும். கூடுதல் ஒலித்தடங்கள் இருந்தால் அவை நீங்கிவிடவும் கூடும்.

அடுத்ததாகக் கோப்பின் அளவைக் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 20 மெகாபிட் வீதத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 எம்.பி. சேரும். பத்து நிமிடப் பதிவு சுமார் 1.5 ஜி.பி. இருக்க வேண்டும். கோப்பு திறக்காவிட்டாலும் அளவு இதற்கு நெருக்கமாக இருந்தால், தரவு உள்ளே இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. அளவு சுழியமாக இருந்தால் எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள்.

கோப்பே திறக்கவில்லை எனில்

எம்.பி.4 வகைக் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒலித்துண்டும் எங்கே உள்ளன என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. 'மூவ்' எனப்படும் இந்தப் பகுதி, வழக்கமான முறையில் பதிவு செய்யும்போது இறுதியில்தான் எழுதப்படுகிறது. மின்சாரம் தடைபட்டாலோ, கேம் முடங்கிப் பதிவு மென்பொருளும் நின்றுபோனாலோ அட்டவணை எழுதப்படாமல் போகும். அப்போது பல ஜி.பி. அளவுள்ள கோப்பும் திறக்காது.

வி.எல்.சி. மென்பொருளில் உள்ள பழுதுநீக்கும் வசதி எம்.பி.4 கோப்பையும் சரிசெய்யும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அந்த வசதி ஏ.வி.ஐ. வகைக் கோப்புகளுக்கு மட்டுமே உரியது. அட்டவணை இல்லாத எம்.பி.4 கோப்புகளுக்கு 'அன்ட்ரங்க்' போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. அதே சாதனத்தில், அதே அமைப்புகளுடன் பதிவு செய்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைக் கொண்டு பழுதான கோப்பின் அட்டவணையை இக்கருவி மறுபடி கட்டமைக்க முயலும். எல்லா நேரமும் வெற்றி கிட்டாது. மாதிரிக் கோப்பின் அமைப்புகள் மாறியிருந்தால் வாய்ப்பு மேலும் குறையும்.

நீண்ட பதிவு குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிட்டால் சேமிப்பகத்தின் வடிவமைப்பைப் பார்க்க வேண்டும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ், நினைவக அட்டைகளில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட இயலாது. விநாடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் இந்த எல்லை பதினொன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் மறுவடிவமைப்பு செய்தால் இத்தடை நீங்கும். ஆனால் மறுவடிவமைப்பு அதிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும் என்பதால், முன்னதாகவே கோப்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒலி கேட்கிறது, படம் தெரியவில்லை எனில்

இது பெரும்பாலும் கோடெக் சார்ந்த சிக்கல். எம்.பி.4 என்பது உறை மட்டுமே. உள்ளிருக்கும் படம் ஹெச்.264, ஹெச்.இ.வி.சி., ஏ.வி.1 என எந்த முறையிலும் குறியாக்கப்பட்டிருக்கலாம். 2003-இல் வந்த ஹெச்.264 ஏறக்குறைய எல்லாச் சாதனங்களிலும் இயங்கும். 2013-இல் வந்த ஹெச்.இ.வி.சி.க்கு விண்டோஸ் கணினிகளில் தனி நீட்சி தேவைப்படலாம். 2018-இல் வெளியான ஏ.வி.1 முறையைப் பழைய சாதனங்கள் பல படிப்பதில்லை.

இவற்றுக்கான கோடெக்குகளைத் தன்னகத்தே கொண்ட வி.எல்.சி.யில் திறந்து பார்ப்பதே எளிய சோதனை. அதில் படம் தெரிந்தால் கோப்பு நலமாக உள்ளது என்று பொருள். கன்ட்ரோல், ஜே ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்தக் குறியாக்கம் என்பதும் தெரியவரும். வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் இணையதளம் 2022-இல் இந்தியாவில் சில மாதங்கள் தடுக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனவே அறிமுகமில்லாத தளங்களின் 'கோடெக் தொகுப்பு'களை நாடாமல், அதிகாரபூர்வ தளத்திலிருந்தே அதைப் பதிவிறக்கலாம்.

வி.எல்.சி.யிலும் திரை கருப்பாகவே இருந்தால், பதிவின்போது கேமின் திரை பிடிக்கப்படவில்லை என்று கருதலாம். இரண்டு வரைகலைச் செயலிகள் கொண்ட மடிக்கணினிகளில், கேம் ஒன்றிலும் பதிவு மென்பொருள் மற்றொன்றிலும் இயங்கும்போது இவ்வாறு நேர்கிறது. இரண்டையும் ஒரே செயலியில் இயக்கினால் அடுத்த பதிவு சரியாக அமையும்.

படம் தெரிகிறது, ஒலி இல்லை எனில்

ஓ.பி.எஸ். போன்ற மென்பொருள்கள் கேமின் ஒலி, விளையாடுபவரின் குரல், நண்பர்களின் உரையாடல் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிவு செய்ய உதவுகின்றன. ஓ.பி.எஸ்.ஸில் ஆறு தடங்கள் வரை அமைக்கலாம். சாதாரண இயக்கிகள் முதல் தடத்தை மட்டுமே ஒலிக்கச் செய்யும். அது வெறுமையாக இருந்தால் காணொலி ஊமையாகத் தோன்றும். வி.எல்.சி.யின் 'ஆடியோ' பட்டியலில் 'ஆடியோ டிராக்' பகுதிக்குச் சென்று ஒவ்வொரு தடத்தையும் கேட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். ஒலி வேறு தடத்தில் இருந்தால், தொகுப்பு மென்பொருளில் எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கலந்து புதிய கோப்பாகச் சேமிக்கலாம்.

கைபேசிகளில் நிலை வேறு. செயலிகளின் உள்ளொலியைப் பிற செயலிகள் பதிவு செய்யும் வசதி 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல்தான் பொதுவாகக் கிடைக்கிறது. அதையும் கேமை உருவாக்கியவர்கள் தடுத்துவைக்க முடியும். மேலும், அவ்வசதி கேம் ஒலியையும் ஊடக ஒலியையும் மட்டுமே அனுமதிக்கிறது. குரல் உரையாடலாக வகைப்படுத்தப்பட்ட ஒலியை அனுமதிப்பதில்லை. சக வீரர்களின் குரல் மட்டும் பதிவில் விடுபடுவதற்கு இது ஒரு காரணம். ஐபோனில், கட்டுப்பாட்டு மையத்தின் பதிவுப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி மைக்கை இயக்கினால்தான் விளையாடுபவரின் குரல் பதிவாகும்.

ஒலியும் படமும் பொருந்தவில்லை எனில்

தொடக்கம் முதல் இறுதி வரை ஒலி ஒரே அளவு பிந்துகிறதா, நேரம் செல்லச் செல்ல இடைவெளி கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே அளவு எனில், முதலில் புளூடூத் கருவியை நீக்கிக் கம்பியுள்ள இயர்போனில் கேட்க வேண்டும். தாமதம் கோப்பில் அல்லாமல் கருவியில் இருக்கலாம். கோப்பிலேயே இருந்தால், வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லி விநாடி அளவில் முன்பின் நகர்த்தும். இந்த மாற்றம் பார்ப்பதற்கு மட்டுமே. கோப்பில் நிலைக்க வேண்டுமெனில் தொகுப்பு மென்பொருளில் ஒலித்தடத்தை அதே அளவு நகர்த்த வேண்டும்.

இடைவெளி கூடிக்கொண்டே போனால், அது பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வீதத்தின் விளைவு. கைபேசித் திரைப்பதிவுகளில் விநாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கை நிலையாக இருப்பதில்லை. தொகுப்பு மென்பொருள் அதை நிலையானதாகக் கணக்கிட்டால் ஒலி விலகும். சிறு பிழையும் நீண்ட பதிவில் பெரிதாகும்: 59.94 ஃபிரேம் வீதப் பதிவை 60 எனக் கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி வேறுபாடு வரும். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் வீதத்தைத் தேர்ந்து மாற்றிய பின் தொகுத்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படம் விட்டுவிட்டு ஓடுகிறது எனில்

அதே கோப்பை வேறொரு சாதனத்தில் இயக்கிப் பார்க்க வேண்டும். அங்குத் தடையின்றி ஓடினால், முதல் சாதனத்தின் திறன் போதவில்லை என்று பொருள். இரண்டிலும் ஒரே இடத்தில் தடுமாறினால், பதிவின்போதே ஃபிரேம்கள் விடுபட்டுள்ளன; அவற்றை மீட்க இயலாது. அடுத்த முறை கேமின் வரைகலைத் தரத்தையோ பதிவின் தெளிவுத்திறனையோ குறைப்பதே வழி.

முன்னெச்சரிக்கை

இடையில் நின்றாலும் அதுவரை பதிவானதைக் காக்கும் எம்.கே.வி. வடிவத்தில் பதிவு செய்வது பாதுகாப்பானது. பின்னர் ஓ.பி.எஸ்.ஸின் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' வசதி மூலம் தரம் குறையாமல் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். 2024-இல் வெளியான ஓ.பி.எஸ். 30.2 பதிப்பு முதல், இடையில் நின்றாலும் பதிவைக் காக்கும் 'ஹைப்ரிட் எம்.பி.4' வடிவமும் கிடைக்கிறது. போட்டி தொடங்கும் முன் அரை நிமிடம் சோதனைப் பதிவு செய்து, அதை இயக்கி, கேமின் ஒலியும் குரலும் கேட்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்வது நலம். பதிவாகாத ஒலியைத் தவறவிடாமல் இருக்க அதுவே உரிய தருணம்.