பேசாப் பாவை

1959ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மாலை, கிழக்கு ஜெர்மனியின் தொலைக்காட்சியில் ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள பாவை ஒன்று தோன்றியது. வெண்தாடியும் கூர்முனைத் தொப்பியும் அதன் அடையாளங்கள் ஆயின. திரைமுன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நோக்கி ஒரு பிடி மணலைத் தூவுவது அதன் தொழில். கண்ணில் விழும் அம்மணலே உறக்கத்தைக் கொணர்கிறது என்பது ஐரோப்பியர் பலரிடம் வழங்கும் பழங்கதை. காலையில் கண்ணோரம் காணும் பீளை, இரவில் விழுந்த மணலின் மிச்சமாம். 'சாண்ட்மென்ஷன்', அதாவது 'சின்ன மணல்மனிதன்', என்னும் பெயர் இதனால் வந்தது.

இக்கதைக்கு இலக்கியத்தில் இரு முகங்கள் உண்டு. 1816இல் வெளிவந்த ஹோஃப்மனின் கதையில், உறங்க மறுக்கும் பிள்ளைகளின் கண்களைப் பறித்துச் செல்லும் கொடியவனாக மணல்மனிதன் வருகிறான். கால் நூற்றாண்டுக்குப் பின், 1841இல், டென்மார்க்கின் ஆண்டர்சன் படைத்த உறக்கத் தூதனோ நல்ல பிள்ளைகளின் தலைமேல் படம் வரைந்த குடையை விரித்துக் கனவு தருபவன். தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது ஆண்டர்சனின் முகத்தை. அச்சுறுத்தி உறங்க வைப்பதற்கும் அன்பு காட்டி உறங்க வைப்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தாலாட்டு மரபில் ஊறியோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பாவை பிறந்த சூழல் அத்துணை மென்மையானதன்று. மேற்கு பெர்லின் ஒலிபரப்பு நிறுவனம் மணல்மனிதன் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆயத்தம் செய்துவருவதை அறிந்த கிழக்கு நிலையத்தார் முந்திக்கொள்ள விரைந்தனர். பாவைக் கலைஞர் கெர்ஹார்ட் பேரெண்டுக்குக் கிடைத்த காலம் சில வாரங்களே. வோல்ஃப்காங் ரிக்டர் இசையமைத்தார். மேற்கின் மணல்மனிதன் திரைக்கு வந்தது டிசம்பர் 1ஆம் நாள். கிழக்கு ஒன்பது நாள் முந்திவிட்டது. பனிப்போரில் இப்படியும் ஒரு போட்டி! கிழக்கு ஜெர்மனியின் தலைவர் உல்பிரிஷ்டுக்கும் தாடி இருந்தமையால், பாவையின் தாடியை அவர் தாடியோடு ஒப்பிட்டு நகைத்தவரும் உளர்.

நாணற்றவர் வாழ்வுக்கு, கயிற்றால் ஆடும் மரப்பாவையை உவமையாக்கினார் வள்ளுவர். பேரெண்டின் பாவைக்குக் கயிறில்லை. உள்ளே மூட்டுகள் அமைந்த உடலைச் சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் சிறிது அசைத்து ஒரு படம் என எடுத்து இணைத்தால், ஒரு நொடி அசைவுக்கே 24 அல்லது 25 படங்கள் வேண்டும். அந்தப் பொறுமையின் பயன் பாவையின் நடையில் தெரிந்தது. தொடக்கக்கால நிகழ்ச்சி ஒன்றின் முடிவில், பிள்ளைகளை உறங்கச் செய்த மணல்மனிதன் தானே தெருமுனையில் அயர்ந்து உறங்கிவிட்டான். அவனுக்குப் படுக்க இடமில்லையே என்று வருந்திய பிள்ளைகள், தம் படுக்கையைத் தருவதாகக் கடிதம் எழுதினர். அரசு தந்த பாவை பிள்ளைகளின் பாவையாக மாறியது இக்கடிதங்களால்தான் எனலாம்.

அதே மாலை நிகழ்ச்சியில் வந்த பிட்டிபிளாட்ச் என்னும் குறும்புப் பாவையின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1962இல் தோன்றிய அவன் துடுக்குத்தனம் கல்வியாளர்க்குப் பிடிக்கவில்லை, திரையிலிருந்து நீக்கப்பட்டான். பிள்ளைகள் விடவில்லை. அவ்வாண்டிலேயே அவன் திரும்பி வந்தான். குடிமக்கள் எதிர்ப்புக்கு இடந்தராத ஓர் அரசில், சிறார் வென்ற வழக்கு இது.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. பெற்றோர் எல்லை கடக்க இயலாத அந்நாட்டில் மணல்மனிதன் மட்டும் ஹெலிகாப்டரிலும் பலூனிலும் பறக்கும் கம்பளத்திலும் ஏறித் தொலைநாடுகள் சென்றான். அவ்வண்டிகளை ஹரால்ட் செரோவ்ஸ்கி வடிவமைத்தார். அவன் இளம் முன்னோடிகளின் முகாமுக்கும் படைவீரரிடத்தும் போனதும் உண்மை. அரசின் சாயலே படியாத பாவை அவன் என்று சொல்வது வரலாறாகாது. ஆயினும் அவன் வாய் திறந்து பேசியதில்லை. பாடல் ஒலிக்கும், அவன் கையசைப்பான், மணல் தூவுவான். முழக்கங்களே மொழியாகிவிட்ட நாட்டில் முழக்கம் சொல்லாத முகம் ஒன்று மாலைதோறும் வீட்டுக்குள் வந்தது. தொலைக்காட்சி அலைகளைச் சுவர் தடுக்கவில்லை; மேற்கு பெர்லினிலும் பிள்ளைகள் கிழக்கின் பாவையைக் கண்டனர்.

1978 ஆகஸ்ட் 26ஆம் நாள் சோயுஸ் 31 விண்கலத்தில் சென்ற சிக்மண்ட் யேன், விண்வெளி சென்ற முதல் ஜெர்மானியர். அவர் மணல்மனிதனையும் உடன் கொண்டுசென்றார். சல்யூட் 6 நிலையத்தில், சோவியத் வீரரின் மாஷா என்னும் பொம்மைக்கும் அவனுக்கும் விளையாட்டாகத் திருமணமும் நடந்தது. இரு நாடுகளின் நட்பைப் பறைசாற்றவே பாவை அனுப்பப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் மனத்தில் தங்கியதோ மிதக்கும் மணமகன்.

மேற்கின் மணல்மனிதன் 1989இல் நிறுத்தப்பட்டான். அவ்வாண்டு நவம்பரில் சுவர் வீழ்ந்தது. 1990 அக்டோபர் 3இல் கிழக்கு ஜெர்மனி என்னும் நாடே இல்லையாயிற்று. அதன் தொலைக்காட்சி 1991 டிசம்பர் 31ஆம் நாளோடு மூடப்பட்டது. தெருப்பெயர்கள் மாறின, ஆலைகள் மூடப்பட்டன, கடைகளில் பழகிய பண்டங்கள் மறைந்தன. மணல்மனிதனும் போய்விடுவான் என்ற செய்தி பரவியபோது பெற்றோர் எதிர்த்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் படுக்கை தர முன்வந்த பிள்ளைகளின் தலைமுறையன்றோ அது! பாவை தப்பியது.

இப்பற்றினை 'ஓஸ்டால்கி', அதாவது கிழக்கின் மீதான ஏக்கம், என்ற சொல்லால் சிலர் எளிதாக ஒதுக்குவர். அது முழுநீதியன்று. தன் குழந்தைப் பருவத்தை நினைப்பவர் அக்காலத்து ஒற்றர் துறையை மன்னித்துவிட்டார் என்று பொருளில்லை. 2003இல் வெளிவந்த 'குட் பை, லெனின்!' திரைப்படத்தில், கிழக்கில் வளர்ந்த இளைஞன் மேற்கில் வாழும் தந்தையின் வீட்டில், முன்பின் அறியாத தம்பி தங்கையரோடு அமர்ந்து மணல்மனிதனைக் காண்கிறான். அறிமுகத்துக்கு அங்கே பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

அதே 2003இல், மேற்கின் மணல்மனிதனை உருவாக்கிய பெர்லின் நிறுவனம், பிராண்டன்பர்க் நிறுவனத்துடன் இணைந்து ஒன்றாயிற்று. அன்று போட்டிக்கு நின்ற நிறுவனத்தின் வழிவந்தோரே கிழக்கின் பாவையைப் பேணும் பொறுப்பில் பங்கேற்றனர். ஜெர்மனியின் பிள்ளைகள் இன்றும் மாலையில் அவனைக் காண்கின்றனர். அவன் வருகிறான், கையசைக்கிறான், மணல் தூவிவிட்டுப் போகிறான்.