அம்மாவின் திங்கட்கிழமை மாத்திரை

"இது கேன்சர் மாத்திரையாமே, எங்கிட்ட எதையாவது மறைக்கிறியாடா?"

சில வருஷம் முன்னாடி அம்மா மாத்திரை அட்டையை நீட்டிக் கேட்டார். மெத்தோட்ரெக்ஸேட். அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம், அதாவது ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். அதற்கு எதற்கு கேன்சர் மருந்து? அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் ரத்தக் கதை. அம்மாவின் ரிப்போர்ட்டில் முதல் வரி ஈ.எஸ்.ஆர். 1918-ல் ஸ்டாக்ஹோமில் ராபின் ஃபாரியஸ் என்பவர் தேடியது கர்ப்பத்தைக் கண்டறிய ஒரு சோதனை. கிடைத்ததோ சிவப்பணுக்கள் எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகின்றன என்ற கணக்கு. அடுத்த வரி சி.ஆர்.பி. அது 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் தற்செயலாகச் சிக்கியது. ரெண்டும் எங்கேயோ புகையுதுன்னு சொல்லும். எந்த வீட்டில்னு சொல்லாது.

வீட்டைக் காட்டியவர் நார்வேக்காரர் எரிக் வாலர். முடக்குவாத நோயாளியின் சீரம் செம்மறி ஆட்டு ரத்த அணுக்களைக் கட்டி கட்டியாக ஒட்டவைப்பதை 1937-ல் பார்த்தார். 1940-ல் கட்டுரை வந்தது. அதே வருஷம் நார்வேக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. யார் படிப்பார்கள்? 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் குழு தனியாக அதையே கண்டுபிடித்தது. இதுதான் ஆர்.ஏ. ஃபேக்டர்.

இதிலும் ஒரு சிக்கல். நோய் இருக்கும் சிலருக்கு நெகட்டிவ் வரும், நோயே இல்லாத சிலருக்கு பாசிட்டிவ் வரும். அம்மாவுக்கு நெகட்டிவ். முதலில் காட்டிய இடத்தில் "ஒண்ணுமில்லை, வயசாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் போச்சு, கூடவே வலதுகை விரல்களும் கோணிப்போச்சு. அப்புறம் வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்ட்டி-சி.சி.பி. சோதனைதான் பிடித்தது. 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட வழி அது. சிலருக்கு மூட்டு வலி வருவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் இது தெரிகிறதாம்.

இனி மருந்துக் கதை. 1929-ல் பிரான்ஸில் ஜாக் ஃபோரெஸ்டியே தங்க உப்பு ஊசி போட்டார். முடக்குவாதமும் காசநோய் மாதிரி ஒரு கிருமியால் வருவது என்று நினைத்தார். காரணம் தப்பு, ஆனால் பலருக்கு வலி குறைந்தது!

அடுத்து 1948 செப்டம்பர். மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் போட்டார். நடக்க முடியாமல் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு. பக்க விளைவுகள் மெதுவாகத்தான் தெரிந்தன.

அந்த வெளிச்சத்தில் இன்னொன்று கண்ணில் படாமல் போனது. பீமவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு செய்த அமினோப்டெரின், 1948-ல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் காலமானார். 1951-ல் அந்த மருந்தை முடக்குவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நன்றாகவே கேட்டது. ஆனால் எல்லோரும் கார்டிசோன் மயக்கத்தில் இருந்தார்கள். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். அதற்கு அமெரிக்காவில் முடக்குவாத அனுமதி கிடைத்தது 1988-ல். நடுவே 37 வருஷம். எத்தனை விரல்கள் கோணியிருக்கும்!

ரத்தத்தில் ஓடும் ஒரு பொருளையே குறிவைத்து மருந்து கொடுத்தது 1992-ல். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தார்கள். வீக்கம் வற்றியது, சி.ஆர்.பி.யும் கூடவே இறங்கியது. ரத்தக் கதையும் மருந்துக் கதையும் கைகுலுக்கிய இடம் அது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "கேன்சருக்கு நிறைய, உனக்குக் கொஞ்சூண்டு, அதுவும் வாரம் ஒரு தடவை" என்றேன். "சுப்பாராவ் நம்மூர்ல படிச்சவரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். காலண்டரில் திங்கட்கிழமைகளுக்கு அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கோணலாகத்தான், ஆனால் அவர் கையால் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வாரம் ஒருமுறை போடவேண்டிய இந்த மாத்திரையை தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது சாப்பிட்டால் கிழமையை ஒருதரம் சரிபார்த்துவிடுங்கள்.